அந்த மின்னஞ்சல் எங்கிருந்து வந்தது?

கேள்வி: மஸ்கெலியா நகரில் ஒரு சிறிய கொமியூனிகேஷன் கடை நடத்துகிறேன். சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து வருபவர்கள் பலருக்குச் சொந்த மின்னஞ்சல் கிடையாது. விண்ணப்பம் அனுப்பும்போது கடையின் ஜிமெயில் முகவரியையே கொடுக்கிறார்கள். இரண்டு மாதமாக அந்த முகவரிக்குக் குப்பை மின்னஞ்சல்கள் குவிகின்றன. நான் அனுப்பவே அனுப்பாத கடிதங்கள் 'போய்ச் சேரவில்லை' என்று திரும்பியும் வருகின்றன. போன வாரம் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் தன் மகனுக்கு வந்த கடிதத்தை அச்சிட்டுத் தரச் சொன்னார். வெளிநாட்டு ஹோட்டலில் வேலை, விசாவுக்காக 75,000 ரூபாயை இந்த வங்கிக் கணக்கில் போடுங்கள் என்று அதில் இருந்தது. இவற்றை அனுப்புகிறவன் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கைப்பேசி திருத்தும் பையன் ஒருவன், 15,000 ரூபாய் கொடுத்தால் ஐபி இலக்கத்தை வைத்து வீட்டையே காட்டுவதாகச் சொல்கிறான். கொடுக்கலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கொடுக்காதீர்கள். அந்தப் பையன் ஏமாற்றும் எண்ணத்தில் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. ஐபி இலக்கம், அதாவது இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் இலக்கம், கிடைத்தால் வீடு கிடைத்துவிடும் என்று பலரும் உண்மையாகவே நம்புகிறார்கள். அது ஏன் நடக்காது என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்த இலக்கத்தை நீங்களே, ஒரு சதமும் செலவழிக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன் அந்த அக்காவின் காரியம். அது நாளைவரை காத்திருக்காது. அவர் இன்னும் பணம் போடவில்லை என்றால் எப்படியாவது நிறுத்துங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர்களுக்கு 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஆள் சேர்ப்பதே குற்றம். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, கடிதத்தில் உள்ள நிறுவனத்தின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். இங்கே ஒரு சூழ்ச்சி உண்டு: அனுமதி பெற்ற நிறுவனம் ஒன்றின் பெயரையே களவாடிக் கடிதம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பெயர் சரிதான் என்று பணியகம் சொன்னாலும், கடிதத்தில் இருக்கும் தொலைபேசி இலக்கத்தை நம்பாமல், பணியகத்திடம் அந்த நிறுவனத்தின் இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அதற்கு அழைத்து, "இந்தக் கடிதம் உங்களுடையதா?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

பணம் போய்விட்டது என்றால், வைப்புச் சீட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வங்கிக் கிளைக்குப் போக வேண்டும். கிளை மூடியிருந்தால் வங்கியின் அவசரத் தொலைபேசிக்கு அழைக்க வேண்டும். வந்த பணத்தை அவர்கள் வெகுவேகமாக எடுத்துவிடுவார்கள். வங்கி அதைத் தடுத்துவைக்க வாய்ப்பிருப்பது முதல் சில மணிநேரங்களில்தான். அதற்குப் பிறகு பொலிஸ் நிலையம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளிவந்த, தோட்டத் தொழிலாளர்களுக்கான 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துக் கணக்குப் பார்த்தேன். 75,000 ரூபாய் என்பது ஐம்பத்தைந்து முழுப்பேருக்கு, அதாவது முழு நாள் கூலிக்கு, மேல். அரைப்பேர் விழுகிற மாதங்களையும் வீட்டுச் செலவையும் சேர்த்துப் பார்த்தால், அது ஒரு குடும்பம் எத்தனை காலம் வயிற்றைக் கட்டிச் சேர்க்க வேண்டிய தொகை என்று உங்களுக்குத் தெரியும். தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டில் இருந்து தன் பிள்ளையாவது வெளியேற வேண்டும் என்று ஒரு தாய்க்கு இருக்கும் ஆசையைக் குறிவைத்து எழுதப்பட்ட கடிதம் அது. எனக்கு அதில்தான் மிகுந்த கோபம்.

பணம் கேட்டு வரும் கடிதத்தில் மின்னஞ்சலின் தடத்தைவிட வங்கிக் கணக்கு இலக்கம்தான் பலமான தடம். மின்னஞ்சலின் தடம் பெரும்பாலும் எங்கோ ஒரு வெளிநாட்டுச் சேவையகத்தில், அதாவது மின்னஞ்சலை வாங்கி அனுப்பும் கணினியில், போய் முடியும். இலங்கை வங்கிக் கணக்கு, அடையாள அட்டை கொடுத்துத் திறந்த ஒரு மனிதரிடம் போய் நிற்கும். அந்த மனிதர் மோசடிக்காரனாக இல்லாமலும் இருக்கலாம். "உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடு, உனக்கு ஒரு பங்கு" என்ற பேச்சுக்கு மயங்கிய ஏதோ ஒரு பையனாக இருக்கலாம். உங்கள் கடைக்கு வரும் இளைஞர்களிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்: கணக்கை இரவல் கொடுத்தவனும் 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தில் மாட்டக்கூடும்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி.

மின்னஞ்சலில் 'அனுப்புநர்' என்று தெரியும் பெயருக்கும் முகவரிக்கும் தன்னளவில் எந்த மதிப்பும் இல்லை. மின்னஞ்சல் போய்வரும் முறைக்கான அடிப்படை விதியை ஜொன் போஸ்டல் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1982இல் எழுதினார். அன்று அந்த வலையில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுகூடங்களும்தான். அனுப்புகிறவர் தன்னை யாரென்று சொல்கிறாரோ அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும்படிதான் அந்த விதி இருந்தது. தபாலிலும் இப்படித்தானே: உறையின் பின்புறம் யார் பெயரையும் எழுதலாம், ஆனால் கடிதம் புறப்பட்ட தபால் நிலையம் குத்தும் முத்திரையை எழுதியவர் மாற்ற முடியாது. மின்னஞ்சலிலும் கடந்துவந்த ஒவ்வொரு சேவையகமும் தன் வரியைக் குத்துகிறது. ஒரே வித்தியாசம், மின்னஞ்சலில் பொய் முத்திரையும் குத்தி அனுப்பலாம். எது மெய், எது பொய் என்று பிரிப்பதில்தான் வேலை இருக்கிறது.

கடைக் கணினியில் ஜிமெயிலைத் திறந்து அந்தக் கடிதத்துக்குள் போங்கள். கைப்பேசிச் செயலியில் இது வராது. வலது பக்கம் மூன்று புள்ளிகள் இருக்கும். அதை அழுத்தினால் வரும் பட்டியலில் 'ஷோ ஒரிஜினல்' என்று ஒன்று உண்டு. அதைத் திறந்தால் மேலே ஒரு சிறு அட்டவணையும், கீழே புரியாத எழுத்துகள் நிறைந்த நீண்ட பக்கமும் வரும். பயப்பட வேண்டாம். உங்களுக்குத் தேவை 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகள் மட்டும்.

ஒவ்வொரு சேவையகமும் தன் வரியை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கும். ஆகவே உச்சியில் இருப்பது கடைசியாக நடந்தது. கீழே போகப் போகப் பழையது. 'பழையதுதானே மூலம்' என்று எண்ணி நேராக அடிக்குப் போய்விடுகிறவர்கள் அதிகம். அங்கேதான் ஏமாறுகிறார்கள். அடியில் உள்ள வரிகளை அனுப்புகிறவனே பொய்யாக எழுதி வைத்திருக்கலாம். மேலிருந்து கீழே வாருங்கள். 2002 என்று தொடங்கும் இலக்கங்களோடு இருக்கும் வரிகள் கூகுளுக்கு உள்ளே நடந்த கைமாற்றம். அவற்றைத் தாண்டுங்கள். 'எம்எக்ஸ் டொட் கூகுள் டொட் கொம்' பெற்றுக்கொண்டது என்று ஒரு வரி வரும். அதுதான் கூகுளின் வாசல். வாசலில் வந்து நின்ற கணினியின் ஐபி இலக்கத்தைச் சதுர அடைப்புக்குள் கூகுளே எழுதியிருக்கும், உதாரணமாக 203.0.113.25 என்பதுபோல. இந்த இலக்கம் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டது, யாருடையதும் அல்ல. அதே வரியில் 'இன்னாரிடமிருந்து' என்று ஒரு பெயரும் இருக்கும். அது வந்தவன் தன்னைப் பற்றிச் சொன்னது. சொன்ன பெயரை விட்டுவிட்டு, கூகுள் கண்ட இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே உள்ள எதையும் ஆதாரமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

மேலே உள்ள அட்டவணையில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சோதனைகளின் முடிவு இருக்கும். கடிதம் அது சொல்லும் தளப் பெயரில் (முகவரியில் '@' குறிக்குப் பின் வருவது) இருந்துதான் வந்ததா என்று இவை பார்க்கின்றன. வங்கி அனுப்பியதாகச் சொல்லும் கடிதத்தில் இவை 'ஃபெயில்' என்றிருந்தால் பெரும்பாலும் பெயர் களவாடப்பட்டிருக்கிறது. ஆனால் 'பாஸ்' என்று இருப்பதாலேயே கடிதம் நல்லதாகிவிடாது. மோசடிக்காரன் வங்கியின் பெயர்போலவே ஒலிக்கும் ஒரு தளப் பெயரைப் பணம் கொடுத்து வாங்கி, அதிலிருந்து ஒழுங்காக அனுப்பினால் மூன்றும் 'பாஸ்' ஆகும். எந்தத் தளப் பெயருக்குப் 'பாஸ்' என்று எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

இலக்கம் கையில் வந்துவிட்டது. அது யாருடையது? உலகின் ஐபி இலக்கங்களை ஐந்து பிராந்தியப் பதிவகங்கள் பகிர்ந்து நிர்வகிக்கின்றன. நம் நாடு அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக் பதிவகத்தின் கீழ் வருகிறது. ஐரோப்பாவுக்கு ரைப், வட அமெரிக்காவுக்கு ஆரின், தென் அமெரிக்காவுக்கு லாக்னிக், ஆபிரிக்காவுக்கு ஆஃப்ரினிக். இவற்றின் 'ஹூஇஸ்' தேடலில் இலக்கத்தைக் கொடுத்தால், அது எந்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது, முறைகேடு பற்றி அங்கே யாருக்கு எழுத வேண்டும் என்று வரும். இலவசம்தான், பதிவு செய்யவும் வேண்டாம்.

கவனியுங்கள், வருவது நிறுவனத்தின் பெயர். ஒரு தொலைபேசி நிறுவனம், அல்லது சேவையகங்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பனி. வீட்டு முகவரி அதில் இல்லை, இருக்கவும் முடியாது. கைப்பேசி வலையமைப்புகளில் ஒரே வெளி இலக்கத்தை ஒரே நேரத்தில் பலர் பகிர்ந்து பயன்படுத்துகிறார்கள். அந்த நொடியில் அதன் பின்னால் இருந்த வாடிக்கையாளர் யார் என்பது நிறுவனத்தின் பதிவேட்டுக்குத்தான் தெரியும். அதைச் சட்டப்படி விசாரிக்கும் அதிகாரிகளுக்குக் கொடுப்பார்கள். உங்களுக்கோ எனக்கோ அந்தப் பையனுக்கோ கொடுக்கமாட்டார்கள். அப்படியே கணினியைக் கண்டுபிடித்தாலும், அது வைரஸ் புகுந்த யாரோ ஒரு அப்பாவியின் கணினியாக இருக்கக்கூடும். தன் கணினி இரவெல்லாம் குப்பை அனுப்புகிறது என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பையன் அதற்குள் நுழைந்து பார்க்கிறேன் என்று இறங்கினால், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றவாளி அவன்தான். பணம் கொடுத்து ஏவியவர் என்று உங்கள் பெயரும் வரும்.

ஆகவே ஆளைத் தேடுவதை விட்டுவிடுங்கள். அவன் பயன்படுத்தும் பாதையின் உரிமையாளரிடம் முறையிடுங்கள். குப்பை அனுப்புகிறவனுக்கு முகம் தெரியாமல் இருப்பது பலம், சேவையகமும் தளப் பெயரும் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாமல் இருப்பது பலவீனம். நான் நீண்ட காலமாக அஞ்சல் சேவையகங்களைப் பராமரித்துவருகிறேன். முறைப்பாடு வரும் பக்கத்திலும் இருந்திருக்கிறேன். 'ரிசீவ்ட்' முதலான தலைப்பு வரிகளோடு முழுமையாக வரும் ஒரு முறைப்பாட்டை வைத்துக்கொண்டு அந்த நாளே ஒரு கணக்கை நிறுத்த முடியும். "உங்கள் ஆட்கள் எனக்குக் குப்பை அனுப்புகிறார்கள், நிறுத்துங்கள்" என்று மட்டும் வரும் பத்துக் கடிதங்களை வைத்து எதுவும் செய்ய முடியாது.

முறைப்பாடு இப்படி இருக்கட்டும். ஹூஇஸ் தந்த முகவரிக்கு, அது இல்லாவிட்டால் அந்த நிறுவனத்தின் தளப் பெயருக்கு முன்னால் 'அபியூஸ்' என்று போட்ட முகவரிக்கு எழுதுங்கள். இந்தப் பெயரில் ஒரு பெட்டி வைத்திருக்க வேண்டும் என்பது 1997இல் இருந்து இணையத்தில் உள்ள வழக்கம். இரண்டு மூன்று எளிய ஆங்கில வாக்கியங்கள் போதும்: இந்த ஐபி இலக்கத்தில் இருந்து, இந்த நேரத்தில், நான் கேட்காத இந்தக் கடிதம் வந்தது, முழு மூலமும் இணைத்திருக்கிறேன். நேரத்தை எழுதும்போது கூகுளின் வரியில் உள்ளதை அப்படியே பிரதி எடுங்கள். அங்கே பெரும்பாலும் அமெரிக்க மேற்குக் கரை நேரம் இருக்கும், நம்முடையது +0530. மாற்றி எழுதப் போய்த் தவறு நேர்ந்தால் அவர்கள் வேறு யாருடைய பதிவையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். 'ஷோ ஒரிஜினல்' பக்கத்திலேயே மூலக் கடிதத்தைத் தரவிறக்கும் வசதி இருக்கிறது. அந்தக் கோப்பை இணையுங்கள், ஓர் எழுத்தையும் திருத்த வேண்டாம். திட்டவும் வேண்டாம், படிப்பவர் உங்களுக்கு உதவக்கூடிய ஒருவர். கடை முகவரியில் இருந்து அனுப்பாமல், இதற்கென்று ஒரு தனி முகவரி திறந்துகொள்ளுங்கள். சில கம்பனிகள் முறைப்பாட்டை அப்படியே தங்கள் வாடிக்கையாளரான மோசடிக்காரனுக்கே அனுப்பிவிடுவதுண்டு.

இவ்வளவும் சிரமம் என்றால், குப்பை மின்னஞ்சல் பற்றி முறையிட உதவும் ஸ்பாம்கொப் சேவையில் பதிவுசெய்யுங்கள். 1998இல் தொடங்கியது, இப்போது சிஸ்கோ என்ற அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கிறது. முழு மூலத்தையும் அதில் ஒட்டினால், வரிகளைப் பிரித்து, பொய்யானவற்றை ஒதுக்கி, உரிய இடத்துக்கு முறைப்பாட்டை அதுவே தயாரித்துத் தரும். கடிதத்தில் உள்ள இணைப்பு போலி வங்கித் தளத்துக்கோ போலி வேலைத் தளத்துக்கோ போனால், அந்தத் தளப் பெயரை விற்ற பதிவாளருக்கும் எழுதலாம். மோசடித் தளங்கள்மீது நடவடிக்கை எடுக்கும் கடமை 2024 ஏப்ரல் முதல் அவர்களின் ஒப்பந்தத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. பெயர் டொட் எல்கே என்று முடிந்தால் எல்கே டொமைன் பதிவகத்துக்கு எழுதுங்கள்.

கூகுள் கணக்கில் இருந்தே வந்த குப்பைக்கு வெளி ஐபி இலக்கம் தெரியாது, ஜிமெயில் அதை எழுதுவதில்லை. அதற்கு ஜிமெயிலிலேயே 'ரிப்போர்ட் ஸ்பாம்' அல்லது 'ரிப்போர்ட் ஃபிஷிங்' கொடுப்பதுதான் வழி. அந்தப் பொத்தானைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000க்கு மேல் அனுப்புபவர்கள்மீது வரும் இத்தகைய முறைப்பாடுகள் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று 2024 பெப்ரவரியில் கூகுள் விதி கொண்டுவந்தது. ஆயிரத்தில் மூன்று பேர் அழுத்தினாலே அனுப்புகிறவனுக்கு நெருக்கடி. வெறுமனே அழித்துவிட்டுப் போகும்போது அந்த ஒரு வாக்கு வீணாகிறது. பொகவந்தலாவையில் இருக்கும் ஒருவரின் வாக்கும் நியூயோர்க்கில் இருக்கும் ஒருவரின் வாக்கும் அங்கே ஒரே எடைதான்.

மோசடிக் கடிதங்களை, கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். 101 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், மின்னஞ்சலும் அனுப்பலாம். கொழும்புக்குப் போக ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டியதில்லை. பண இழப்பு இருந்தால் பொலிஸ் முறைப்பாடு கட்டாயம். அந்த அக்கா போகும்போது நீங்களும் கூடப் போனால் நல்லது. முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க அவருக்கு உரிமை இருக்கிறது, அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. அவருக்கு விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். வாசித்து விளக்கச் சொல்லுங்கள், கணக்கு இலக்கமும் திகதியும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பதில் எழுதி ஏச வேண்டும் என்று தோன்றினால் எழுதாதீர்கள். அது ஒன்றும் அறியாத ஒருவருக்குப் போகும், அல்லது இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று மோசடிக்காரனுக்குக் காட்டிக்கொடுக்கும். 'சந்தாவை நிறுத்து' என்ற இணைப்பும் அப்படியே: நீங்களே பதிவுசெய்த கடை, வங்கி, விமான நிறுவனம் என்றால் அழுத்தலாம், மற்றவற்றில் தொடவே கூடாது.

திரும்பி வரும் கடிதங்களைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன். இதற்கு இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கலாம். யாரோ உங்கள் முகவரியை 'அனுப்புநர்' என்று பொய்யாக எழுதி அனுப்புகிறார்கள். அது எரிச்சல்தான், ஆனால் கணக்குக்குள் ஆபத்து இல்லை, சில வாரங்களில் தானாக அடங்கும். அல்லது உங்கள் கணக்குக்குள்ளேயே யாரோ புகுந்து அனுப்புகிறார்கள். எது என்று திரும்பி வந்த கடிதமே சொல்லும். அதன் அடியில், அல்லது இணைப்பாக, முதலில் போன கடிதத்தின் தலைப்பு வரிகள் இருக்கும். மேலே சொன்ன முறையில் படியுங்கள். அது கூகுளின் சேவையகத்தில் இருந்து புறப்படவில்லை என்றால் முதல் காரணம். கூகுளில் இருந்தே புறப்பட்டிருந்தால், கணக்கு களவு போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'அனுப்பியவை' பகுதி காலியாக இருப்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள், புகுந்தவன் அழித்துவிட்டுப் போவான்.

எதுவானாலும் இன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றி, கடவுச்சொல்லோடு கைப்பேசியிலும் உறுதிப்படுத்தக் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். கணினியில் ஜிமெயில் பக்கத்தின் அடியில், வலது மூலையில், கடைசியாக எந்த இடங்களில் இருந்து கணக்கு திறக்கப்பட்டது என்ற விபரம் இருக்கிறது. உங்கள் கடை, உங்கள் கைப்பேசி தவிர வேறு ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அமைப்புகளுக்குள் போய், வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஒன்றை யாராவது போட்டுவைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றியவர்கள்கூட இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். வாடிக்கையாளர்கள் உட்காரும் கணினியில் கடையின் கணக்கைத் திறந்து வைக்க வேண்டாம், உலாவியில் கடவுச்சொல்லைச் சேமிக்கவும் வேண்டாம்.

இன்னொன்றையும் மெல்ல மெல்லச் செய்யுங்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் சொந்த முகவரி ஒன்றைத் திறந்துகொடுங்கள். கடவுச்சொல்லை அவர்களே தட்டட்டும், அவர்களின் கைப்பேசி இலக்கத்தையே கொடுக்கட்டும். பத்து நிமிட வேலை, அதற்குக் கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஊரில் பாதிப் பேரின் அடையாள அட்டைப் பிரதியும் வங்கிக் கடிதமும் கடையின் ஒரே பெட்டியில் கிடக்கும்போது, அது களவு போனால் இழப்பு உங்களோடு நிற்காது. பழைய கடிதங்களில் அப்படி இணைப்பாகக் கிடப்பவற்றை, உரியவர்களைக் கேட்டுக்கொண்டு அழித்துவிடுங்கள். அந்த அக்காவின் மகனுக்கு வந்த கடிதத்தை மட்டும் இப்போதைக்கு அழிக்க வேண்டாம். அச்சுப் பிரதியில் தலைப்பு வரிகள் வராது. மூலக் கோப்பாகத் தரவிறக்கி ஒரு பென் டிரைவில் தனியாக வையுங்கள், பொலிஸும் பணியகமும் கேட்கும்.

திரும்பி வந்த கடிதங்களில் இரண்டு மூன்றின் மூலக் கோப்பை எனக்கும் அனுப்புங்கள். அவை கூகுளின் வழியாகப் போனவையா இல்லையா என்று பார்த்து, உங்களுக்கு நேரடியாகவே பதில் எழுதுகிறேன்.